பெட்டியை அடுக்கியது யார்?

விமான நிலையம் எனக்குப் பிடிக்கும். இதை வெளியே சொன்னால் சிரிக்கிறார்கள். அங்கே வருகிறவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு குறை இருக்கும். தண்ணீர் பாட்டிலின் விலையைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். பெல்ட்டைக் கழற்றச் சொன்னதைப் பத்து வருடம் கதையாகச் சொல்வார்கள். எனக்கோ அந்தக் கண்ணாடிக் கதவு விலகி ஏசிக் காற்று முகத்தில் பட்டதும் உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். வருடத்துக்கு நூற்றிருபது தடவை பறக்கிறேன். எந்த லவுஞ்சில் இட்லி சூடாக இருக்கும், எந்த வரிசை சீக்கிரம் நகரும், எந்தப் பெட்டியின் சக்கரம் மூன்று வருடம் தாங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

டிக்கெட் எடுக்கும்போது கூடுதல் வசதி என்று எதைக் காட்டினாலும் டிக் அடித்துவிடுவேன். கால் நீட்ட இடம், ஜன்னலோரம், முதலில் ஏறும் உரிமை. புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்வரை டிக்கெட்டில் உள்ள பெயரையே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வசதி இருக்கிறது. அதையும் விடாமல் வாங்குவேன். ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை. என் சீட்டில் வேறு யார் போய் உட்காரப் போகிறார்கள்?

என் பெயர் நவநீதன். உரைகல் என்ற கோயமுத்தூர் கம்பெனியில் விற்பனை மேலாளர். நாங்கள் தயாரிப்பது ஒரே ஒரு பொருள். அதன் பெயரும் உரைகல்தான். பார்க்க ஒரு கதவு நிலை மாதிரி இருக்கும். பயணி அதற்குள் போய் நிற்க வேண்டும். மூன்று கேள்வி கேட்கும். பதில் சொல்லும்போது கழுத்து நாடியையும் தொண்டைத் தசையையும் முகத்தில் ஓடும் ரத்தத்தையும் அது கவனிக்கும். வாயில் வந்ததும் மனதில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் மஞ்சள். சிவப்பு வைத்தால் ஜனங்கள் மிரள்வார்கள் என்று சொல்லி மஞ்சளாக்கியது நான்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை என் கால் தரையில் இல்லை. கோயமுத்தூர் விமான நிலையத்தில் மூன்று மாதம் ஊழியர்களை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்த உரைகல்லை அன்றுதான் பயணிகளுக்குத் திறந்துவிடுகிறார்கள். முதல் பயணி நான். பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறவர் திருமதி புஷ்பலீலா. மலேசியாவில் ஆறு விமான நிலையங்களை நடத்தும் ஒரு தனியார் குழுமத்தின் பாதுகாப்புத் தலைவர் அவர். இருவரும் பத்தரை மணி விமானத்தில் கோலாலம்பூர் போக வேண்டும். அன்று மாலை அவர்களுடைய இயக்குநர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காகக் கைக்கு அடக்கமான மாதிரிக் கருவி ஒன்று என் பெட்டியில் இருந்தது.

கையெழுத்தானால் எங்கள் பட்டறையில் இரண்டு ஷிப்டு ஓடும். ஆகாவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு. அறுபத்திரண்டு பேர் வேலை. முதலாளி இதை முந்தின நாள் என் மேஜையில் உட்கார்ந்து ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டுப் போனார். நான் பயப்படவில்லை. என் பொருளின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

லவுஞ்சில் புஷ்பலீலாவைப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரே ஒரு கைப்பையுடன் பயணம் செய்கிறவர். எனக்கு அதிலேயே மரியாதை வந்துவிட்டது.

"பசியாறியாச்சா நவநீதன்?" என்று கேட்டார்.

"உங்களுக்காகத்தான் காத்திருந்தேனுங்க மேடம்."

இட்லியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் வந்த வேலையை நேராக ஆரம்பித்தார். "ஏர்போர்ட்டுக்குக் கொண்டு வர்றதுக்கு முன்னால ஒரு கடையில வச்சிருந்தீங்களாமே. அது எப்டி போச்சு?"

"அட்டகாசமாப் போச்சுங்க. ஒரு பெரிய ஜவுளிக்கடை. வாங்குன துணியைத் திருப்பிக் கொடுக்கற கவுண்டர்ல வெச்சோம். 'இதை உடுத்துனீங்களா'னு ஒரே கேள்வி. முதல் மாசமே திரும்பி வர்ற துணி பத்துல ஒண்ணாக் கொறைஞ்சிருச்சு. கடைக்காரரு எனக்கு மாலை போடாத கொறை."

"அப்புறம் ஏன் எடுத்துட்டாங்க?"

வீட்டுப்பாடம் செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். நானும் மறைக்கவில்லை. "ஒரு அம்மா வந்து, கட்டவே இல்லைன்னாங்க. மஞ்சள் எரிஞ்சுபோச்சு. பின்னாடி நின்ன கூட்டம் பூரா பாத்துச்சு. அவங்க கண்ணாடி முன்னாடி நின்னு மேல போட்டுப் பாத்திருக்காங்க, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவங்க கடைப்பக்கமே வரலை. அவங்க தெருவே வரலை. மூணாம் மாசம் கடைக்காரரே கழட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு."

"பாவம் லா, அந்த அம்மா," என்றார், மலேசியத் தமிழுக்கே உரிய 'லா'வோடு.

"ஆனா ஏர்போர்ட்டுல அந்தக் கவலையே இல்லைங்க மேடம். கடை புடிக்கலைன்னா அடுத்த கடைக்குப் போவாங்க. பிரயாணி எங்க போவான்?"

என் வியாபாரப் பேச்சிலேயே சிறந்த வரி அதுதான் என்று அப்போது நினைத்தேன். புஷ்பலீலா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்னி கேட்டார்.

எட்டே முக்காலுக்கு உரைகல் முன்னால் போய் நின்றோம். ஊழியர்கள் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, நிலையின் உச்சியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தார்கள். கேமராக் கண்ணிலேயே ஒரு சந்தனப் பொட்டு. ஓடிப்போய்க் கைக்குட்டையால் துடைத்தேன். பாதுகாப்பு அதிகாரி எஸ்தர் நாகர்கோவில்காரர். மூன்று மாதப் பழக்கத்தில் என்னைக் கேலி செய்யும் உரிமை அவருக்கு வந்திருந்தது.

"என்ன சார், மாப்பிள்ளை மாதிரி நிக்குதீங்க. வாங்க, முதல் ஆளு நீங்கதான்."

பின்னால் முப்பது பேர் வரிசையில். நான் பெட்டியை மேடையில் வைத்துவிட்டு நிலைக்குள் போய் நின்றேன். இதற்கு முன் முந்நூறு தடவையாவது அங்கே நின்றிருப்பேன். அப்போதெல்லாம் கையில் இருந்தது கம்பெனியின் மாதிரிப் பெட்டி. பழைய செய்தித்தாளை நானே திணித்து வைத்தது. என் சொந்தப் பெட்டியோடு நிற்பது அதுதான் முதல் தடவை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

உரைகல் இனிமையான குரலில் கேட்டது. "இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?"

புஷ்பலீலாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன். "ஆமாம்."

மஞ்சள் எரிந்தது.

சந்தனத்தைச் சரியாகத் துடைக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடியும் கைக்குட்டையை எடுத்தேன். எஸ்தர் தலையை ஆட்டினார். "கேமரால்லாம் சுத்தமாத்தான் இருக்கு சார். பெட்டிய யாரு அடுக்கினா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 

"என் சம்சாரம்."

பச்சை. வரிசையில் பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள்.

பதினாறு வருடமாக உலகத்தில் உள்ள அத்தனை கவுண்டரிலும் இந்தக் கேள்விக்கு நான் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்கிறோம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பயணத்துக்கு முந்தின நாள் மாலை பெட்டி கட்டிலில் திறந்து கிடக்கும். காலையில் மூடி, கதவருகே நிற்கும். நடுவில் நடப்பது எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. என்னைப் போல வரிசையில் இன்னும் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். சில ஆண்கள் தங்கள் பெட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன்.

"இப்ப என்ன செய்வீங்க?" என்றார் புஷ்பலீலா. குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எனக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. இந்த வசதியைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? "இதுதான் மேடம் எங்க சிறப்பே. சாட்சி அழைப்பு. பெட்டி அடுக்குனவங்களைப் போன்ல கூப்பிடுவோம். அவங்க முகத்தையும் குரலையும் வெச்சே உரைகல் கண்டுபுடிச்சிரும். நாலு கேள்வி. ஒண்ணரை நிமிஷத்துல முடிஞ்சிருங்க."

நிலையின் பக்கத்திலிருந்த திரையில் மேகலாவின் முகம் வந்தது. மேகலா ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். கையில் சிவப்புப் பேனா.

"ஏனுங்க, மாத்திரையை மறந்துட்டீங்களா?"

"இல்லை மேகலா. மிஷினு நாலு கேள்வி கேக்கும். உள்ளதைச் சொல்லு, போதும்."

"உள்ளதையா?" என்றாள். பேனாவை மூடி வைத்தாள்.

பெட்டியை அடுக்கியது நீங்களா என்றது உரைகல். ஆமாங்க என்றாள். பச்சை. ஆபத்தான பொருள் எதையாவது வைத்தீர்களா? இல்லைங்க. பச்சை.

"பயணிக்குத் தெரியாமல் பெட்டியில் எதையாவது வைத்தீர்களா?"

மேகலா பேனாவிலிருந்து கையை எடுத்தாள். கேள்வி கேட்ட குரலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க. வெச்சேன்."

பச்சை. வரிசையில் முன்னால் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். எஸ்தரின் கை இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸுக்குப் போனது. "என்னம்மா வச்சீங்க?"

"ஒரு சேலைங்க. எல்லாத்துக்கும் அடியில. ஒரு டூத் பிரஷ்ஷும்."

எஸ்தர் பெட்டியைத் திறந்தார். அயர்ன் செய்த ஆறு சட்டைகள், மாதிரிக் கருவி, பேண்ட்டுகள், துண்டு. எல்லாவற்றையும் எடுத்த பிறகு, அடித்துணியோடு ஒட்டி, மடிப்புக் கலையாமல் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை. மேலே ரவிக்கை. உறை பிரிக்காத டூத் பிரஷ்.

"யாருக்கும்மா இது?"

"யாருக்கும் இல்லைங்க, என்னோடதுதான். எப்பவும் வெப்பனுங்க. பதினாறு வருஷமா அவுரு எந்த ஊருக்குப் போனாலும் என்னோட ஒரு செட்டுத் துணி அடியில போகும். திரும்பி வந்ததும் எடுத்துத் துவைச்சு வெச்சிருவேன். என் சேலையெல்லாம் துபாய் பாத்துருச்சு. ஜகார்த்தா பாத்துருச்சு. ஜெர்மனி ரெண்டு தடவை."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பச்சை எரிந்து அணைந்தது. ஓட்டலில் நான் பெட்டியைக் காலி செய்வதே இல்லை. மேலே இருக்கும் சட்டையை உருவிப் போட்டுக்கொண்டு ஓடுவேன். அடிவரை என் கை போனதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இதை இவ்வளவு பேர் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததே என்று கோபமும் வந்தது.

உரைகல்லுக்கு அதெல்லாம் கணக்கில்லை. நான்காவது கேள்வியைக் கேட்டது. "இந்தப் பயணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களா?"

"ஆமாங்க," என்றாள் மேகலா.

மஞ்சள்.

மேகலாவின் திரையிலும் அந்த விளக்கு தெரியும். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கேள்வி எதுக்கு?" என்று மெல்லக் கேட்டார் புஷ்பலீலா.

"கெட்டது நெனைக்கறவங்கதான் பெட்டியில எதாச்சும் வெப்பாங்க. அவங்களைப் புடிக்கத்தானுங்க."

"யாரோட யோசனை?"

"என்னோடதுதான்."

எஸ்தர் விதியைச் சொன்னார். எனக்குத் தெரியாத விதியில்லை, எழுதிக் கொடுத்தவனே நான். பெட்டி அடுக்கியவர் மனதாரச் சரி என்று சொல்லும்வரை அந்தப் பெட்டியும் அதில் உள்ள கருவியும் என்னோடு போக முடியாது. நான் நிலைக்குள்ளேயே நின்று அவரோடு பத்து நிமிடம் பேசலாம். பேசுவது அத்தனையும் உரைகல்லுக்குக் கேட்கும். எனக்கு மூன்று மஞ்சள் விழுந்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்கு எந்த விமானமும் கிடையாது. பயம் இல்லாவிட்டால் யார் உண்மை சொல்வார்கள் என்று அப்போது வாதாடி அதைச் சேர்த்திருந்தேன்.

"ஒண்ணு ஆயாச்சு சார். பாத்துப் பேசுங்க," என்றார் எஸ்தர்.

நேரம் ஒன்பது தாண்டியிருந்தது. எனக்கு ரத்தம் சூடேறியது. நான் விற்பனைக்காரன். மாட்டேன் என்று கதவைச் சாத்தியவர்களையே மறுநாள் கையெழுத்துப் போட வைத்தவன். அறுபத்திரண்டு பேர் வேலைக்கும் பூட்டுக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு ஆமாம். அதுவும் என் சொந்த மனைவியின் ஆமாம். இதை விற்க முடியாதா எனக்கு?

"மேகலா, இந்த ஆர்டர் மட்டும் முடியட்டும். அப்புறம் ஒரு வாரம் லீவு போட்டுட்டு உன்கூட வீட்டுலயேதான் இருப்பேன்."

மஞ்சள்.

"சார்," என்றார் எஸ்தர் எச்சரிக்கையாக.

நான் நிறுத்தியிருக்க வேண்டும். வேகத்தில் இருந்த எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. "சரி, அதை விடு. அடுத்த தடவை உன்னைக் கண்டிப்பாக் கூட்டிட்டுப் போறேன்."

மஞ்சள்.

இதைச் சொன்னபோது பொய் சொல்கிற நினைப்பே எனக்கு இல்லை. கல்யாணமான முதல் வருடத்திலிருந்து, ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு, மனதாரத்தான் சொல்லி வந்தேன் என்று நம்பியிருந்தேன். என் கழுத்து நரம்புக்கு வேறு விஷயம் தெரிந்திருக்கிறது.

"மூணு ஆயாச்சு சார். நாளைக்குக் காலம்பற வரைக்கும் நீங்க எங்கயும் போவ முடியாது." எஸ்தருக்கே வருத்தமாக இருந்தது. கருவியில் பதிந்துவிட்டதால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

முதலாளியின் முகம் வந்தது. பட்டறையில் லேத் ஓட்டுகிறவர்கள், பேக்கிங் பெண்கள் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். விற்க என்னிடம் இனி ஒன்றுமில்லை. அதனாலேயோ என்னவோ, வாய் தானாகப் பேசியது.

"மேகலா, ஒண்ணு சொல்றேன். எனக்கு இந்த எடம் புடிச்சிருக்கு. வீட்டுல ரெண்டு நாள் இருந்தா மூணாம் நாள் எங்கயாச்சும் கெளம்பலாமான்னு இருக்கு. உன்னையும் கூட்டிட்டு வந்தா இதுவும் வீடாயிருமோன்னு பயந்துட்டேன். அதான் கூட்டிட்டு வரலை."

பச்சை. மூன்று மாதத்தில் அவ்வளவு அசையாத பச்சையை நான் பார்த்ததில்லை.

மேகலா அழவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டாள்.

"தெரியுமுங்க," என்றாள். பச்சை. "எனக்கும் அதேதான். நீங்க போறது எனக்கு வருத்தமே இல்லை. நான் போகலைங்கறதுதான் வருத்தம். பெட்டி அடுக்கற அன்னிக்கு எனக்கு அத்தனை சந்தோஷமா இருக்கும். அந்த ஊருத் தண்ணி எப்படி ருசிக்கும், காத்தாலே வெயில் எந்த ஜன்னல்ல விழும்னு நெனைச்சுட்டேதான் உங்க சட்டையை மடிப்பேன். பெட்டியை மூடுனதும் தீந்துபோச்சு. நீங்க நல்லபடியாப் போயிட்டு வரணும்னுதான் நெனைக்கறேன். ஆனா நானும் போகணும்னு அதுக்கு மேல நெனைக்கறேன் போலிருக்கு. மிஷினு என்ன பண்ணும், பாவம்."

பச்சை, பச்சை, பச்சை. வரிசையிலிருந்து ஒருவர், "இங்க நாங்களும் பிளைட் புடிக்கணுமுங்க," என்றார். பக்கத்திலிருந்த பெண்மணி அவரை அதட்டி அடக்கினார்.

புஷ்பலீலா எஸ்தரைப் பார்த்தார். "ஒரு சந்தேகம். பெட்டி அடுக்கினவங்களே பெட்டியோட வந்தா?"

எஸ்தர் யோசித்தார். "அப்பம் ஒரு பிரச்சினையும் இல்லல்லா மேடம்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. கை தானாகப் போனை எடுத்தது. ஒன்பது பதினெட்டு. பெயர் மாற்ற இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

"மேகலா, உன் பாஸ்போர்ட் எங்க?"

"கைப்பையிலதானுங்க. எப்பவும் அங்கதான் இருக்கும்." சொன்ன பிறகுதான் கேள்வியின் அர்த்தம் அவளுக்கு எட்டியது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "ஏனுங்க, என்ன பேசறீங்க? நான் அங்க போயி என்னத்தைச் சொல்லுவேன்?"

புஷ்பலீலா திரைக்கு அருகில் போனார். "அம்மா, நான்தான் வாங்க வந்தவ. உங்க வீட்டுக்காரர் வந்தா மிஷின் எப்டி வேலை செய்யும்னு சொல்வாரு. அது எனக்கே தெரியும். மிஷின் முன்னால நின்னா மனுஷனுக்கு என்ன ஆகும்னு நீங்க சொல்லுங்க. எங்க போர்டுக்கு அதான் தெரியணும்."

"நான் எனக்குத் தோணறதைத்தான் சொல்லுவேன். வாங்காதீங்கன்னுகூடச் சொல்லிப்போடுவேன்."

"பரவால்ல லா. நாலாவது கேள்வி வேணாம்னு நானே சொல்லப் போறேன்."

மேகலா மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். "நாப்பது பேப்பர் இருக்குதுங்க. திங்கக்கிழமை கொடுக்கணும்."

"நான் திருத்தறேன்," என்றேன்.

பச்சை எரிந்தது. எனக்கே ஆச்சரியம். ஒளிவிலகல் எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நல்லவேளை உரைகல் கேட்கவில்லை.

அடுத்த இருபத்தைந்து நிமிடத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. பெயரை மாற்றினேன். முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் கத்திய கத்தலைப் பக்கத்திலிருந்த புஷ்பலீலாவே கேட்டுவிட்டு, போனை வாங்கி இரண்டு வார்த்தை பேசினார். கத்தல் நின்றது. நான் வாசலுக்கும் உரைகல்லுக்கும் நடையாய் நடந்தேன். ஒன்பது நாற்பத்திமூன்றுக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. வீட்டுப் புடவை, அவசரத்தில் முடிந்த கொண்டை, ரப்பர் செருப்பு, தோளில் கைப்பை. பதினாறு வருடத்தில் மேகலா ஓடி நான் பார்த்ததில்லை. அன்று ஓடி வந்தாள்.

பெட்டி இன்னும் திறந்தே கிடந்தது. அவள் அதன் முன் நின்று இரண்டே நிமிடத்தில் எல்லாவற்றையும் மறுபடி அடுக்கினாள். மாதிரிக் கருவியைத் துண்டில் சுற்றி நடுவில் வைத்தாள். என் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தாள். "இது எனக்கெதுக்கு? வீட்டுக்குக் கொண்டுட்டுப் போங்க." பேண்ட்டுகளும் வந்தன. கடைசியில் மயில்கழுத்துச் சேலையை எடுத்து, ஒரு தடவை தட்டிவிட்டு, மேலே வைத்து மூடினாள்.

நிலைக்குள் போய் நின்றாள்.

"இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?"

"நான்தான்," என்றாள். சிரித்துவிட்டாள். பச்சை.

"வேறு யாராவது எதையாவது கொடுத்தார்களா?"

"இவரு ஒரு மிஷினு கொடுத்தாருங்க. பாத்துட்டுத்தான் வெச்சேன்." பச்சை.

"யாருக்காவது தீங்கு செய்யும் எண்ணம் உண்டா?"

"இல்லைங்க." பச்சை.

புஷ்பலீலா முன்னால் நடந்தார். மேகலா பெட்டியை இழுத்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக நிலைக்குள்ளேயே திரும்பினாள். கண்கள் மின்னின. அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பயணத்தின் காலையிலும் எனக்கு இருக்கும் முகம் அது.

"போயிட்டு வர்றனுங்க," என்றாள்.

நம் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. நானும் பதினாறு வருடமாக ஒரு ஷூவை மாட்டிக்கொண்டே, போனைப் பார்த்துக்கொண்டே அவளிடம் இதைத்தான் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். எங்கள் வீட்டு வாசலில் பச்சை, மஞ்சள் விளக்கு எதுவும் கிடையாது. திரும்பி வர எனக்கு மனமிருக்கிறதா என்று அவள் என் முகத்தைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. இப்போது அவள் சொல்கிறாள், நான் நின்று கேட்கிறேன். அவள் தலைக்கு மேலே, எலுமிச்சம்பழத்துக்குக் கீழே, இரண்டு நொடியில் விளக்கு எரியும்.

நான் குனிந்து கையிலிருந்த சட்டைகளைப் பார்த்தேன்.

"போயிட்டு வா," என்றேன் குனிந்தபடியே. சக்கரச் சத்தம் தூரத்தில் போனது.

"சார்," என்று ஆரம்பித்தார் எஸ்தர்.

"சொல்லாதீங்க மேடம்."

அன்று மாலை பதினேழாவது விடைத்தாளில் இருந்தபோது ஒரு படம் வந்தது. பளபளக்கும் ஒரு பெரிய மேஜை, மயில்கழுத்துச் சேலையில் மேகலா, பக்கத்தில் புஷ்பலீலா. கீழே எழுதியிருந்தாள். "கையெழுத்து ஆயிடுச்சு. நாலாவது கேள்வி வேண்டாம்னு எழுதி வாங்கியாச்சு. மூணு மஞ்சள் விதியையும் எடுத்தாச்சு. இங்க தண்ணி சப்புன்னு இருக்கு. யாருக்கும் மார்க்கை அள்ளிப் போடாதீங்க." பட்டறையில் அன்று பட்டாசு வெடித்தார்கள். நானும் பால்கனியில் நின்று யாருமில்லாத தெருவைப் பார்த்துக் கை தட்டினேன்.

மேகலா அதற்குப் பிறகு மூன்று தடவை போய்விட்டு வந்துவிட்டாள். ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவளைத்தான் அனுப்புங்கள் என்று புஷ்பலீலா கேட்கிறார். பெட்டியை அவளேதான் அடுக்குகிறாள். கட்டிலில் அது திறந்து கிடக்கும்போது நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். போன தடவை அடியில் என் சட்டை ஒன்றுக்கு இடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள்.

உரைகல் தன் முன்னால் பேசிய ஒவ்வொரு சொல்லையும், எரிந்த ஒவ்வொரு விளக்கையும் நேரத்தோடு பதிந்து வைத்திருக்கிறது. மேலாளருக்கான கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சற்று முன்பு, அவள் விடைபெற்றபோது, அங்கே என்ன நிறம் எரிந்தது என்று பார்க்க ஒரு பொத்தானைத் தொட்டால் போதும். நான் இன்னும் தொடவில்லை.